காற்று எந்தப் பக்கம்?

2023 டிசம்பர் 26 காலையில் வடசென்னையின் மீனவர் குப்பங்கள் வழக்கம்போல ஆழிப்பேரலையில் இறந்தவர்களை நினைத்துக் கடலில் பால் ஊற்றின. பத்தொன்பதாவது நினைவு நாள். அன்றிரவு பதினொன்றரை மணிக்கு மேல் எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டி எழுந்தார்கள். கண் எரிந்தது, நெஞ்சு கமறியது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. சரக்கு இறக்குவதற்கு முன் குழாயைக் குளிர்விக்கும் வேலை நடந்தபோது கரையை ஒட்டிய பகுதியில் வாயு வெளியேறியது. பெரியகுப்பம், சின்னக்குப்பம், அக்கம்பக்கத்து நகர்கள் என எல்லா இடத்திலும் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பைக்கிலும் ஆட்டோவிலும் கால்நடையாகவும் கிளம்பினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. நல்லவேளையாக உயிர்ப்பலி இல்லை.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்திருந்தது. அமோனியா கசிந்த மறுநாளே தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் வளாகத்தில் ஒரு தொட்டி வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். எண்ணெய், வாயு, வெடிப்பு. மூன்றும் ஒரே மாதத்தில், ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட ஒரே பட்டையில்.

யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போது நிறையப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். அவ்வளவாகப் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. நள்ளிரவில் வாசலுக்கு வந்து நின்ற பெரியகுப்பத்துக்காரர் ஒருவருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும், எதை முகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், பக்கத்து வீட்டுப் படுக்கைக் கிழவியை யார் தூக்க வேண்டும் என்று யாராவது எப்போதாவது சொல்லிக்கொடுத்திருந்தார்களா? எச்சரிக்கை எதுவும் வரவில்லை, தாங்களாகவே ஓடினோம் என்றுதான் மக்கள் சொன்னார்கள். பேரிடர்ப் பயிற்சி என்பது ஆலை மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கான சமாச்சாரம் என்ற எண்ணம் நம் தொழிற்பேட்டைகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் தவறு, சட்டப்படியும் தவறு.

முதலில் அமோனியாவைப் பார்ப்போம். பயிற்சியின் மதிப்பு என்ன என்பது அதன் குணத்திலேயே தெரியும்.

அமோனியா காற்றைவிட இலேசானது. அதன் எடை காற்றின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். வெளியே வந்தால் மேலே போய்க் கலைந்துவிட வேண்டும். ஆனால் கப்பலில் வருவது மைனஸ் 33 பாகைக்குக் குளிர்விக்கப்பட்ட திரவம். அந்தக் குளிரோடு கடற்கரையின் ஈரக் காற்றில் கலக்கும்போது வெண்புகையாகத் தரையோடு படர்ந்து கொஞ்ச தூரம் வரும். பிறகுதான் சூடேறி மேலெழும். இன்னொரு குணம், அது தண்ணீரில் மிகச் சுலபமாகக் கரையும். கண், மூக்கு, தொண்டை என உடம்பில் ஈரம் உள்ள இடத்தை முதலில் பிடிப்பது இதனால்தான். நனைத்துப் பிழிந்த துண்டோ சேலைத் தலைப்போ மூக்கிலும் வாயிலும் இருந்தால் ஓரளவு காப்பாற்றும் என்பதும் இதனால்தான். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இதற்கெல்லாம் ஒரு குடம் தண்ணீரும் ஒரு துண்டும் போதும். எந்தக் குப்பத்து வீட்டிலும் இவை இரண்டும் இருக்கும். இல்லாதிருந்தது இந்தத் தகவல் மட்டும்.

அந்த இரவு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலில் அளந்தபோது ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 400. ஐந்து மடங்குக்கு மேல் என்று செய்திகள் வந்தன, உண்மைதான். ஆனால் இதைத் தொழிற்சாலைக் கணக்கில் மாற்றினால் சுமார் 3 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் மூன்று பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் வைத்திருக்கும் அளவு 300 பிபிஎம். அந்த 3 பிபிஎம் வாசலில் கருவி வைத்த நேரத்து அளவுதான். கரையோர வீட்டில் குழந்தை மயங்கியபோது எவ்வளவு இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது. இருந்தாலும் ஒரு விஷயம் விளங்குகிறது. உயிரைப் பறிக்கும் அளவுக்கு வெகு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும் வாயு அமோனியா. நாற்றம் வந்ததுமே சுதாரித்துக்கொள்கிற அவகாசம் உண்டு. இது தெரிந்தவர் துண்டை நனைப்பார், காற்றைப் பார்ப்பார், அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவார். தெரியாதவருக்கு நினைவுக்கு வருவது போபால் ஒன்றுதான்.

எல்லா வாயுவும் இப்படி இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். அது கசிந்த இடத்தில் பைக்கை உதைத்து ஸ்டார்ட் பண்ணினால் அந்தப் பொறியே போதும். குளோரினும் கனமானது, தாழ்வான இடத்தைவிட்டு மேலே ஏற வேண்டும். அமோனியாவுக்கு ஈரத்துணி, எரிவாயுவுக்கு நெருப்பும் ஸ்விட்சும் தொடாமை, குளோரினுக்கு உயரம். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: காற்றோடு ஓடக் கூடாது, காற்றுக்குக் குறுக்கே விலகி, பிறகு காற்று வரும் பக்கமாகப் போக வேண்டும். பதறி ஓடுகிறவர் பெரும்பாலும் வாயு போகிற திசையிலேயே, வாயுவோடு சேர்ந்தே ஓடுகிறார்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. காற்றின் திசை தெரிந்த மனிதர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் முதல் இடம் எண்ணூர் மீனவர்களுக்குத்தான். வாடையா, கொண்டலா, கச்சானா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதை வைத்துத்தான் வலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்பது காசிமேட்டில் சின்னப் பையனுக்கும் தெரியும். இவ்வளவு நுட்பமான அறிவு உள்ள சனத்துக்கு, ஒரு பகல் பொழுதில், படகில் கட்டிய கொடியைக் காட்டி வாயு வந்தால் எப்படி நகர வேண்டும் என்று சொல்லிவிடலாம். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. இருக்கிற அறிவை ஆலையோடு முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவே. அந்த முடிச்சுப் போடுவது யார் வேலை என்பதை விதிகளே சொல்கின்றன.

போபாலுக்குப் பிறகு, 1989-ல், அபாயகர வேதிப்பொருள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது. அதன் 13-ஆம் விதி ஆலைக்குள்ளான அவசரத் திட்டம் பற்றியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தச் சொல்கிறது. 14-ஆம் விதி ஆலைக்கு வெளியிலான திட்டம் பற்றியது. அதை அதிகாரிகள் தயாரிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். 15-ஆம் விதிதான் நம் விஷயத்துக்கு உயிர்நாடி. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு என்ன அபாயம், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை ஆலை நடத்துபவர் நேரடியாகவோ மாவட்ட அவசர அதிகார அமைப்பு வழியாகவோ தெரிவிக்க வேண்டும்.

1996-ல் வந்த வேதிவிபத்து விதிகள் இன்னும் ஒரு படி இறங்கி வருகின்றன. தொழிற்பேட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு உள்ளூர் நெருக்கடிக் குழு. அது மாதம் ஒருமுறை கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு அளவிலான ஒத்திகை நடத்த வேண்டும். பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு என்ன தயாரிப்பு இருக்கிறது, என்ன பரிகாரம் என்று கற்பிக்க வேண்டும். இந்த மூன்றும் அக்குழுவுக்கு எழுத்திலேயே இடப்பட்ட கடமைகள். கால் நூற்றாண்டைத் தாண்டிய விதிகள் இவை. ஒரு குப்பத்தில் பத்துப் பேரை நிறுத்தி உங்கள் பகுதி நெருக்கடிக் குழுவில் யார் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒத்திகைகள் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நடக்கும் விதம்தான் கேள்விக்குரியது. முன்கூட்டியே தேதி குறித்து, பந்தல் போட்டு, அதிகாரிக்குச் சால்வை போர்த்தி, தொப்பி போட்ட ஊழியர்கள் வரிசையாக வெளியே வந்து தலை எண்ணி, புகைப்படம் எடுத்து, தேநீரோடு முடிகிற நிகழ்ச்சிக்கும் நள்ளிரவு பதினொன்றரை மணிக்கும் சம்பந்தம் இல்லை. 2025 மே 7-ஆம் தேதி நாடு முழுவதும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இடங்களில் சென்னைத் துறைமுகமும் ஒன்று. நல்ல காரியம். ஆனால் துறைமுகத்தின் மதிலைத் தாண்டியதும் இருப்பது ராயபுரம். அந்தத் தெருக்காரர்களில் பெரும்பாலோர் ஒத்திகையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்கள்.

இந்த நகரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டபோது மதராஸ் திகைத்துப்போனது. ஊரைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போரில் அதே நகரத்தில் ஏ.ஆர்.பி. என்ற வான்தாக்குதல் தற்காப்பு அமைப்பு இருந்தது, வார்டன்கள் இருந்தார்கள், விளக்கணைப்பும் சைரனும் சாதாரணக் குடும்பத்துக்கும் பழக்கமாகின. எதிரி வெளியிலிருந்து வருவான் என்றபோது அரசாங்கம் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது. அபாயம் ஊருக்குள்ளேயே குடியிருக்கிறது என்றானபோது அந்த அக்கறை எங்கோ நழுவிவிட்டது.

சைரன் என்றதும் விசாகப்பட்டினம் ஞாபகம் வருகிறது. 2020 மே 7 அதிகாலை எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேர் இறந்தார்கள். ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு விசாரித்தபோது, சைரனை முடுக்கும் பொத்தான் 36 இடங்களில் இருந்தும் ஒருவரும் அழுத்தவில்லை என்று தெரிந்தது. கருவி இருந்தது, செலவும் செய்யப்பட்டிருந்தது. கை மட்டும் போகவில்லை. எண்ணூரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஷிப்டு மாறும்போது ஊதும் ஆலைச் சங்கைக் கேட்டே வளர்ந்த ஊர்கள் இவை. ஆபத்துக்கு ஊதும் ஒலி எது, அது எந்த ஆலையின் ஒலி, ஊதினால் வீட்டுக்குள் கதவடைத்து இருப்பதா வெளியேறுவதா என்பதை முன்பே சொல்லி, கேட்கவைத்துப் பழக்காவிட்டால் புதிய சைரன் வாங்கியும் பயனில்லை.

எண்ணெயின் கதை வேறு மாதிரி. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. எர்ணாவூர்ப் பக்கம் கரையில் கருந்தார் போல எண்ணெய் வந்து ஒதுங்கிய பிறகு கணக்கு நாளுக்கு நாள் ஏறியது. சூப்பர் சக்கர் வண்டிகளால் அந்தக் கெட்டிக் குழம்பை இழுக்க முடியாமல் திணறியதும், மீனவர்களும் மாணவர்களும் தீயணைப்பு வீரர்களும் வாளியிலும் கையிலுமாக அள்ளியதும் நாடறிந்த காட்சி. 2023-லும் அதே காட்சி கழிமுகத்தில் திரும்ப நடந்தது. ஃபைபர் படகில் நின்று குவளையால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். முதல் நாட்களில் பலருக்கு ஒழுங்கான கையுறைகூட இல்லை. கடலில் எண்ணெய் சிந்தினால் என்ன செய்வது என்பதற்கு 1990-களிலிருந்தே கடலோரக் காவல் படையின் பொறுப்பில் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. ஆனால் கடைசியில் எண்ணெயை அள்ளுவது உள்ளூர்க் கைதான் என்று இரண்டு முறை நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் அந்தக் கைகளுக்கு முன்பே பயிற்சி கொடுத்து, கையுறையும் முகக்கவசமும் குப்பத்துக் கூடத்தில் வைத்து, மிதவைத் தடுப்பை எந்த நீரோட்டத்தில் எங்கே போடுவது என்று அவர்களையே கேட்டு வைத்திருக்க வேண்டாமா? ஆறு வருட இடைவெளி கிடைத்திருந்தது.

தகவல் தராமல் வைத்திருப்பதற்கு மணலி ஒரு உதாரணம். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அதற்குப் பிறகுதான், 2015-ல் சுங்கத்துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அதே பொருள் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் இருப்பது ஊருக்குத் தெரியவந்தது. சில நாட்களில் ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தீப்பிடித்தால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதும் தெரியாது. எதற்கு என்று சொல்லாமல் பயிற்சி கொடுக்க முடியாது. அதனால்தான் பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே தகவலைத் திறக்க வேண்டியிருக்கிறது. நிறுவனங்களின் தயக்கமும் பெரும்பாலும் இங்கேதான் என்பது என் கணிப்பு.

நிறுவனம் என்றால் ஆலை மட்டும் இல்லை. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏதோ வாயு நெடி அடித்து 30-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மூச்சுத்திணறலும் மயக்கமும் வந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து சோதித்தது. நவம்பர் 4-ஆம் தேதி பள்ளி திறந்ததும் மறுபடியும் சில பிள்ளைகள் மயங்கினார்கள். நெடி எங்கிருந்து வந்தது என்பதில் வாதங்கள் இருக்கட்டும். இந்தப் பட்டையில் உள்ள ஒரு பள்ளிக்கு, மூன்றாவது மாடி வகுப்பை எந்தப் படியில் இறக்குவது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, வாசலில் முண்டியடிக்கும் பெற்றோரிடம் யார் பேசுவது, பிள்ளைகளை எந்த ஆளிடம் எப்படி ஒப்படைப்பது என்பதெல்லாம் பாடத்திட்டத்துக்கு இணையான விஷயங்கள்.

காகிதத்தில் திட்டம் இருந்தால் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு ஜப்பானின் ஓகாவா தொடக்கப் பள்ளியைச் சொல்ல வேண்டும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே ஆசிரியர்கள் எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் பிள்ளைகளை ஏறக்குறைய 50 நிமிடம் மைதானத்திலேயே வைத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. பள்ளியின் கையேட்டில் பக்கத்துக் காலியிடம் அல்லது பூங்காவுக்குப் போகவும் என்று பொதுவாக எழுதியிருந்ததே தவிர இடத்தின் பெயர் இல்லை. ஆழிப்பேரலை வந்தபோது 108 பிள்ளைகளில் 74 பேரும் ஆசிரியர்கள் பத்துப் பேரும் இறந்தார்கள். கையேட்டைச் சரியாகத் தயாரிக்காததே குற்றம் என்று செண்டாய் உயர்நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது. அதே அலை புகுந்த கமாய்ஷி நகரில் பல ஆண்டுகளாக ஓடிப் பழகிய மாணவர்கள், குறித்து வைத்திருந்த இடமும் போதாது என்று தாங்களே கணித்து, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள். நகரின் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேரில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

ஜப்பானுக்குப் போக வேண்டியதும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் உள்ள ஊர் தப்பியது. வீடுகளும் படகுகளும்தான் போயின. அந்த ஒலிபெருக்கியைப் பேரிடருக்கென்று யாரும் வைக்கவில்லை. அலை உயரத்தையும் வானிலையையும் தினமும் அதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு அந்தக் குரல் பழக்கம், நம்பிக்கை. பயிற்சிக்கு மிகச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரிந்து இதுதான்: அன்றாடம் புழங்குகிற ஒன்றின் மேல் அதை ஏற்றிவிடுவது. எண்ணூரில் கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, மகளிர் குழுக்களின் வாட்ஸ்அப் இருக்கிறது, மீன் ஏலக்கூடம் இருக்கிறது. ஆலைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இவற்றுக்கு ஒரு நேரடிக் கம்பி வேண்டும்.

தமிழ் தெரியாதவர்களையும் மறந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து வடமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். இந்தப் பட்டையின் கட்டுமானத்திலும் கிடங்கிலும் பாதி வேலை இப்போது அவர்கள் தோளில். ஒலிபெருக்கி அறிவிப்பு இந்தியிலும் வங்காளத்திலும் அஸ்ஸாமியிலும் இரண்டு வரியாவது வராவிட்டால் அவர்களைப் பொறுத்தவரை அது வெறும் சத்தம். ஆட்சி எல்லையும் ஒரு தொல்லை. எண்ணூர்க் குப்பங்கள் சென்னை மாவட்டம். கழிமுகத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளியும் அத்திப்பட்டும் திருவள்ளூர் மாவட்டம். இரண்டு ஆட்சியர்களும் சேர்ந்து நடத்தாத ஒத்திகை அரை ஒத்திகை.

இதற்கெல்லாம் எண்ணூரிலேயே ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கசிவுக்குப் பிறகு ஆலையை நிரந்தரமாக மூடச் சொல்லி வாரக்கணக்கில் போராடியவர்களிடம் போய்ப் பயிற்சி என்றால், தப்பு செய்வது ஆலை, ஓடப் பழகுவது நாங்களா என்று கேட்பார்கள். நியாயமான கோபம். குழாயைச் சரியாக வைப்பதற்குப் பதிலாகச் சனத்துக்கு ஈரத்துண்டு கொடுப்பது அயோக்கியத்தனம்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 5.92 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டதும், கடல்சார் வாரியமும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் தடையின்மைச் சான்று தந்த பிறகே ஆலை இயங்கலாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2024 மே மாதம் சொன்னதும் அந்தப் போராட்டத்தின் அழுத்தம் இல்லாமல் நடந்திருக்காது. ஆனால் பயிற்சி பெற்ற ஊர் அடங்கிப்போகும் என்று நான் நினைக்கவில்லை. குழாயில் என்ன ஓடுகிறது, எத்தனை டன், கசிந்தால் எத்தனை நிமிடத்தில் வால்வை மூடுவீர்கள் என்று கேட்கத் தெரிந்த ஊரைத்தான் எந்த நிர்வாகமும் ஏமாற்ற முடியாது. பயிற்சி அந்தக் கேள்விகளைக் கேட்கும் தெம்பையும் தருகிறது.

ஆகவே இந்தப் பட்டையில் வசிக்கும், வேலை பார்க்கும், பள்ளி நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1989 விதிகளின் 15-ஆம் விதியைச் சொல்லி, உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ அருகில் உள்ள ஆலையிடம், செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை அடங்கிய அறிவிப்பை எழுத்தில் கேளுங்கள். உள்ளூர் நெருக்கடிக் குழுவின் கூட்டக் குறிப்புகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். அடுத்த ஒத்திகை எப்போது, அதில் எங்கள் தெரு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சேர்க்கப்படவில்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.